மேசை விரிப்புகளின் சலவையும் பராமரிப்பும்

உணவு பரிமாறும் இடத்தில் துணி விரிக்கும் வழக்கம் நம் நாட்டின் பல பகுதிகளில் உண்டு. லக்னோவிலும் ஹைதராபாதிலும் தரையில் விரிக்கப்படும் நீண்ட துணியைத் தஸ்தர்கான் என்பர். காஷ்மீரத்து விருந்தில் நால்வர் நால்வராகத் தரையில் அமர்ந்து, அத்துணியின் மீது வைக்கப்பெற்ற ஒரே தாலத்திலிருந்து உண்பர். நகரத்து இல்லங்களிலும், பயணியர் விடுதிகளிலும், பயிற்சி நிலையங்களின் உணவுக் கூடங்களிலும் மேசை விரிப்பும் கை துடைக்கும் சிறு துணியும் வழங்கி வருகின்றன. கண்ணூர், கரூர், பானிபட் ஆகிய ஊர்களின் தறிகள் இவ்வகைத் துணிகளை உள்நாட்டுக்கும் வெளிநாடுகளுக்கும் நெய்து தருகின்றன. விரிப்பு எவ்வகையினதாயினும், அதன் மீது விழும் கறை பெரும்பாலும் ஒன்றே: மஞ்சளும் எண்ணெயும் கலந்த குழம்பு. அடுத்தது தேநீர்.

உடுக்கும் துணியில் படிவது வியர்வையும் தூசியுமே. மேசை விரிப்பில் படிவதோ கொழுப்பு, புரதம், மாவு, தாவரச் சாயம், டானின் ஆகிய அனைத்தும். இவற்றுள் ஒவ்வொன்றும் வெவ்வேறு முறையில் நீங்கும். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்குக் கேடாகும். ஆகையால் எல்லா விரிப்புகளையும் ஒரே கொதிநீரில் போட்டு, ஒரே தூளைக் கொட்டி, வெளுக்கும் வரை அடிப்பது சலவையாகாது. அது துணியின் ஆயுளைக் குறைக்கும் முறையேயாகும்.

இக்கட்டுரையாளர் நேரிற் கண்டது ஒன்று. ஒரு பயிற்சி விடுதியில் மேசை விரிப்புகள் யாவும் பார்ப்பதற்குப் பால்போல் வெண்மையாக இருந்தன. வாரந்தோறும் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் இரவு முழுவதும் ஊறவைப்பதாகப் பணியாளர் பெருமையுடன் கூறினார். ஓராண்டு நிறைவதற்கு முன், ஒரு நாள் விரிப்பை உதறியபோது அது நடுவே நீளவாட்டில் கிழிந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் காகிதத்தைப் போல் எளிதில் பிய்ந்தது. வெண்மைக்கும் வலிமைக்கும் தொடர்பில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுவதில்லை. அத்துணிக்கு நேர்ந்தது என்ன என்பதைப் பின்னர் விளக்குவோம்.

துணியை அறிதல்

கறையைத் தொடுமுன் துணி இன்னதென்று அறிய வேண்டும். பருத்தியும் ஆளி நாரிலிருந்து நெய்யப்படும் லினனும் செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனவை. இவை நனைந்த நிலையில் உலர்ந்த நிலையைவிட அதிக வலிமை பெறுகின்றன. எனவேதான் கல்லில் அடித்துத் துவைக்கும் வண்ணாரின் முறையைப் பருத்தி பல நூற்றாண்டுகளாகத் தாங்கி வந்துள்ளது. ரேயான் என்னும் செயற்கைப் பட்டும் செல்லுலோஸே எனினும், நனைந்தவுடன் அதன் வலிமை கணிசமாகக் குறைந்து விடுகிறது. அதை முறுக்கிப் பிழிவது தவறு. பாலியெஸ்டர் கலந்த விரிப்புகள் இன்று சந்தையில் மிகுதி. அவை சுருங்குவதில்லை, விரைவில் உலர்கின்றன. ஆயினும் எண்ணெயை அவை விடாப்பிடியாகப் பற்றிக்கொள்ளும்.

ஐயம் ஏற்பட்டால் விரிப்பின் உள்மடிப்பிலிருந்து இரண்டொரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரியும் மணத்துடன் எரிந்து, மென்மையான சாம்பலைத் தரும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கடினமான மணியாக உறையும். பட்டும் கம்பளியும் மயிர் கருகும் நாற்றம் வீசும். இச்சோதனையை வகுப்பில் ஆசிரியரே செய்து காட்டுதல் நன்று; மாணவர் கையில் தீயைக் கொடுக்க வேண்டாம்.

பருத்தி காரத்தைப் பொறுக்கும், அமிலத்தைப் பொறுக்காது. பட்டும் கம்பளியும் இதற்கு நேர்மாறானவை. சலவைச் சோடா இட்ட நீரில் பருத்தியைக் கொதிக்க வைக்கலாம். ஆனால் எலுமிச்சைச் சாற்றையோ காடியையோ அதில் தடவி, அலசாமல் உலர விட்டால், நீர் வற்ற வற்ற அமிலம் செறிந்து நூலை அரித்துவிடும். அமிலத்தைப் பயன்படுத்தவே கூடாது என்பதன்று. பயன்படுத்திய பின் நன்கு அலச வேண்டும் என்பதே கருத்து.

மஞ்சள் கறை

நம் சமையலறையின் தலைசிறந்த சாயம் மஞ்சளே. அதன் நிறத்துக்குக் காரணமான பொருள் குர்குமின் எனப்படும். இது நீரில் ஏறக்குறையக் கரைவதே இல்லை. எண்ணெயிலும் சாராயத்திலும் கரையும். குழம்பில் உள்ள எண்ணெய் குர்குமினைத் தன்னுள் கரைத்துக்கொண்டு நூலின் உட்புறம் வரை எடுத்துச் செல்கிறது. வெறும் நீரில் எத்தனை முறை அலசினாலும் மஞ்சள் கறை அசையாமல் நிற்பதன் காரணம் இதுவே.

சோப்புப் போட்டவுடன் மஞ்சள் கறை செந்நிறமாக மாறுவதைக் காணாத இல்லத்தரசியர் இலர். துணி பாழாயிற்று என்று அஞ்சி, உடனே பிளீச்சிங் பவுடரை நாடுவோர் பலர். அச்சத்துக்கு இடமே இல்லை. குர்குமின் அமில நீரிலும் நடுநிலை நீரிலும் மஞ்சளாகவும், கார நீரில் செம்பழுப்பாகவும் தோன்றும் இயல்புடையது. சோப்பு காரத்தன்மை உடையதாதலால் நிறம் மாறுகிறது. நன்கு அலசிச் சோப்பு நீங்கியதும் மஞ்சள் நிறம் மீண்டும் தோன்றும். கறை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அது காரம் இருப்பதை நமக்கு அறிவித்தது, அவ்வளவே.

இக்கறையை நீக்கும் ஒழுங்கு பின்வருமாறு. முதலில், திரண்டு கிடக்கும் குழம்பை மழுங்கிய கத்தி முனையாலோ கரண்டியாலோ வழித்தெடுக்க வேண்டும். தேய்த்தல் கூடாது, தேய்த்தால் கறை பரவி உள்ளே இறங்கும். அடுத்து, எண்ணெயை நீக்க வேண்டும். பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பையோ சலவைத் திரவத்தையோ நீர் கலவாமல் கறையின் மீது இட்டு, விரலால் மெல்ல அழுத்திப் பதினைந்து நிமிடம் விட்டு, வெதுவெதுப்பான நீரில் அலச வேண்டும். எண்ணெய் போனபின் எஞ்சுவது குர்குமின் மட்டுமே. அதனை அழிக்கும் வேலையை நம் நாட்டில் விலையின்றிக் கிடைக்கும் ஒரு பொருளிடம் ஒப்படைக்கலாம். அது வெயில்.

குர்குமின் ஒளிபட்டுச் சிதையும் பொருள். துணியை ஈரத்துடன் நேர் வெயிலில், கறை மேற்புறம் இருக்குமாறு விரித்து வைத்தால், புதிய கறை பெரும்பாலும் அன்றைய மாலைக்குள்ளேயே மங்கிவிடும். பழைய கறைக்கு இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம். இடையில் உலர்ந்தால் மீண்டும் நனைத்து வைக்கலாம். எண்ணெயை நீக்காமல் வெயிலில் போட்டால் அத்துணை பயன் இராது. எண்ணெயும் காற்றுபட்டுப் பழுத்து, தனியொரு பழுப்புக் கறையாக நின்றுவிடும். மழைக்காலத்தில் வெயிலுக்கு வழியில்லாவிடில், ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியிடும் ஆக்ஸிஜன் வகை வெளுப்பானை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊறவைக்கலாம்.

ஆசிரியர்கள் இதனை எளிதில் செய்து காட்டலாம். வெள்ளைப் பருத்தித் துணியில் ஒரு சாண் அளவு துண்டை மஞ்சள் நீரில் தோய்த்து உலர்த்துக. அதன் ஒரு பாதியைக் கறுப்புக் காகிதத்தால் இருபுறமும் மூடி, முழுத்துண்டையும் வெயிலில் வைக்கவும். மாலையில் காகிதத்தை நீக்கினால், மூடிய பாதி மஞ்சளாகவும், திறந்த பாதி வெளிறியும் இருக்கும். மூடிய பாதியும் அதே வெப்பத்தில் கிடந்ததால், நிறத்தை நீக்கியது வெப்பமன்று, ஒளியே என்பது மாணவர்க்குத் தானாகவே விளங்கும். மீந்த துணியைச் சிறு கீற்றுகளாக நறுக்கி வைத்துக்கொண்டால் காரத்தைக் கண்டறியும் கருவியாகவும் அது பயன்படும். அதன் பயனை அலசுதல் பற்றிக் கூறுமிடத்தில் காண்க.

தேநீரும் இரும்பும்

தேநீர்க் கறைக்குக் காரணம் டானின் வகைப் பொருள்கள். இவை புதிதாக இருக்கையில் நீரில் கரையும். உலர்ந்து நாட்பட்டால் காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் கூடிக் கருத்து, நூலைப் பற்றிக்கொள்ளும். எனவே தேநீர் சிந்திய விரிப்பை அன்றே நீரில் இடுவது பாதி வேலையை முடித்ததற்குச் சமம். பால் கலவாத தேநீராயின் சூடான நீரை ஊற்றிக் கழுவலாம். பால் கலந்திருந்தால் முதலில் குளிர்ந்த நீரே தகும். பாலிலும் முட்டையிலும் இறைச்சிச் சாற்றிலும் உள்ள புரதம், வெப்பம் பட்டால் இறுகி நூலோடு ஒட்டிக்கொள்ளும். முட்டையின் வெண்கரு வாணலியில் எவ்வாறு உறைகிறதோ அவ்வாறே துணியிலும் உறைகிறது.

தேநீர்க் கறை திடீரென்று கரிய நிறம் கொள்வதுண்டு. துருப்பிடித்த வாளியில் ஊறவைத்ததோ, இரும்புச் சத்து மிகுந்த கிணற்று நீரில் அலசியதோ இதற்குக் காரணமாக இருக்கலாம். டானினும் இரும்பும் சேர்ந்தால் உண்டாவது கறுப்பு மையே; முற்காலத்தில் எழுதுமை தயாரித்த முறையும் இதுவே. துரு ஊறிய நீரைச் சில துளி, வடிகட்டிய தேநீரில் விட்டு இதை வகுப்பில் காட்டலாம். விரிப்புகளை ஊறவைக்க எனாமல் உரியாத அல்லது பிளாஸ்டிக் பாத்திரங்களையே கொள்ள வேண்டும்.

துருக்கறை வேறொரு வகை. மேசையின் ஆணியாலும், உலர்த்தும் கம்பியாலும் இது ஏற்படும். இதன் மீது பிளீச்சிங் பவுடரை இடுவோர் பெரும் பிழை செய்கின்றனர். வெளுப்பான் துருவைக் கரைப்பதில்லை, மேலும் நிலைப்படுத்தவே செய்கிறது. எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவிச் சிறிது நேரம் வெயிலில் வைத்தால், சாற்றிலுள்ள சிட்ரிக் அமிலம் இரும்பைப் பற்றிக் கரைக்கும். உலர விடாமல் நனைத்துக்கொண்டே இருந்து, கறை நீங்கியதும் பலமுறை அலச வேண்டும். ஆக்ஸாலிக் அமிலமும் இதற்குப் பயன்படும் எனினும், அது நஞ்சாதலால் வீடுகளுக்குப் பரிந்துரைத்தல் தகாது.

நாவற்பழம், மாதுளை முதலியவற்றின் கறைகளுக்கு முதலில் சோப்பு ஆகாது. இவற்றின் சிவப்புச் சாயம் காரத்தில் நீலமாகவோ பச்சையாகவோ மாறும். சோப்பினால் சில வேளைகளில் அது துணியில் நிலைத்தும் விடும். குளிர்ந்த நீரில் அலசி, சிறிது எலுமிச்சைச் சாறிட்டு, மீண்டும் அலசிய பின்னரே சோப்புக்குச் செல்க. வாழைப்பால் கறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது உலர்ந்து பழுப்பேறிய பின் நீங்குவது அரிது. வாழையிலையின் நறுக்கிய அடிப்பகுதி விரிப்பின் மீது படாமல் பார்த்துக்கொள்வதே வழி.

நீரின் கடினத்தன்மை

கறைகளுக்கு அடுத்தபடியாக, சிலர் கறைகளுக்கும் முதலாக, கவனிக்க வேண்டியது நீர். ராஜஸ்தானத்திலும் தக்காணத்துப் பீடபூமியிலும் ஆழ்குழாய்க் கிணறுகளின் நீர் பெரும்பாலும் கடினமானது. அதில் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் கரைந்துள்ளன. சோப்பு இவ்வுப்புகளுடன் கூடி, நீரில் கரையாத பிசினாகத் திரிகிறது. வாளியின் விளிம்பில் வெண்சாம்பல் நிறமாகப் படிவது அதுவே. அப்பிசின் துணியிலும் படிகிறது. விரிப்பு நாளடைவில் மங்குவதும், சூடான இஸ்திரிப்பெட்டி பட்டதும் மஞ்சளித்து ஒருவித நெடி வீசுவதும் பெரும்பாலும் இதனாலேயே. அழுக்குப் போகவில்லை என்று எண்ணி மேலும் சோப்பைத் தேய்த்தால், பிசினே மேலும் பெருகும்.

இவ்விழப்பைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுடையது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் மொத்தக் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாத இடத்தில் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கத்தக்கது என்றும் கூறுகிறது. இவ்வளவு கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிடப்படுவது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் உடைய கிணற்று நீரை எடுத்துக்கொள்வோம். 20 லிட்டர் வாளி ஒன்றில் 6 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான உப்பு இருக்கும். அதனைத் தீர்க்க ஏறத்தாழ 37 கிராம் தூய சோப்பு செலவாகும். அதாவது 150 கிராம் சோப்புக் கட்டியில் நான்கில் ஒரு பங்கு, ஒரு துளி அழுக்கையும் நீக்காமல், முதல் வாளியிலேயே வீணாகிறது. ஒரு குடும்பம் மாதத்தில் எத்தனை வாளி நீர் சலவைக்குச் செலவிடுகிறது என்று களப்பணியாளர் கேட்டறிந்து, இக்கணக்கை அவ்வீட்டாரின் முன்னிலையிலேயே போட்டுக் காட்டுவாராக. நீண்ட சொற்பொழிவைவிட இது மனத்தில் பதியும்.

அதே வாளியின் கடினத்தன்மை பெரும்பாலும் கால்சியத்தால் ஆனதாயின், நீரற்ற சலவைச் சோடா 6 அல்லது 7 கிராம் போதும். படிகச் சோடாவாயின் 17 கிராம். அதனை நீரில் கரைத்துச் சிறிது நேரம் விட்டுவைத்தால் சுண்ணாம்பு படிந்து அடியில் தங்கும். தெளிந்த நீரை இறுத்துச் சலவைக்குக் கொள்க. வட இந்தியாவின் உவர் நிலங்களில் பூக்கும் ரேஹ் என்னும் மண்ணை வண்ணார் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்ததன் உட்பொருளும் இதுவே: அம்மண்ணில் சோடியம் கார்பனேட் உள்ளது. இரசாயன நூலைப் படியாமலே அவர்கள் கண்டறிந்த உண்மையை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது.

நீர் கடினமானதா என்றறிய இரண்டு கண்ணாடிப் புட்டிகள் போதும். ஒன்றில் மழைநீரும் மற்றதில் கிணற்று நீரும் சம அளவில் எடுத்து, சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குக. நிலையான நுரை தோன்ற எதற்கு எத்தனை சொட்டு வேண்டியிருந்தது என்பதைக் குறித்துக்கொண்டால், கடினத்தன்மையின் ஒப்பளவு கிடைக்கும். இங்கே சோப்பு என்றது எண்ணெயும் காரமும் சேர்த்துச் செய்யும் உண்மைச் சோப்பையே. 1950களின் இறுதியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்து, இன்று எங்கும் பரவியுள்ள செயற்கைச் சலவைத்தூள் கடின நீரில் இவ்வளவு பிசின் தருவதில்லை. அதைக்கொண்டு செய்தால் சோதனை பொய்த்துப்போகும்.

இன்றைய சலவைத்தூள்கள் சிலவற்றில் நொதிகளும் சேர்க்கப்படுகின்றன. புரதத்தையும் மாவையும் கொழுப்பையும் சிதைக்கும் இந்நொதிகள் மேசை விரிப்புக்கு மிகவும் ஏற்றவை. ஆயின் இவை வெதுவெதுப்பான நீரில், ஏறக்குறைய 30 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரையில், அவகாசம் கொடுத்தாலன்றி வேலை செய்யா. கொதிநீரில் அவை அழிந்துவிடும். விலை கொடுத்து வாங்கிய நொதியைக் கொதிநீரில் கொல்வது எத்தனை இல்லங்களில் நடைபெறுகிறது என்பதைக் களப்பணியில் காணலாம்.

வெளுத்தல்

பிளீச்சிங் பவுடரை 1799 ஆம் ஆண்டில் சார்லஸ் டென்னன்ட் என்பவர் ஸ்காட்லாந்தில் காப்புரிமை பெற்றுத் தயாரித்தார். அதற்கு முன் ஐரோப்பாவில் லினன் துணியைப் புல்வெளியில் மாதக்கணக்காக விரித்து வெளுத்து வந்தனர். மாதங்களின் வேலையை மணிகளில் முடித்த இப்பொருள் பெரும் வரமே. ஆனால் அது கறையையும் துணியையும் பிரித்தறிவதில்லை. சாயத்தைச் சிதைக்கும் அதே வேதிச் செயல், சாயம் தீர்ந்தபின் செல்லுலோஸின் நெடிய சங்கிலிகளையும் துண்டிக்கத் தொடங்குகிறது. சங்கிலி அறுந்த பருத்தி வெண்மையாகவே தோன்றும், இழுத்தால் தாங்காது. முன்னர்க் குறிப்பிட்ட பயிற்சி விடுதியின் விரிப்புகளுக்கு நேர்ந்தது இதுவே. இரவு முழுவதும் ஊறவைத்ததில் முதல் சில நிமிடங்கள் கறைக்குச் செலவாயின. மீதி நேரம் முழுவதும் துணிக்கே செலவாயிற்று.

ஆதலின் வெளுப்பான் இறுதி வழியாகவே இருத்தல் வேண்டும். வெள்ளைப் பருத்திக்கும் லினனுக்கும் மட்டுமே அது தகும். புட்டியில் விற்கும் நூற்றுக்கு 4 விழுக்காட்டு ஹைப்போகுளோரைட்டு நீர்மத்தை, 5 லிட்டர் குளிர்ந்த நீருக்கு 25 மில்லிலிட்டர் என்ற அளவில் கலந்து, பத்து நிமிடத்துக்கு மேற்படாமல் ஊறவைத்தால் போதுமானது. தூளாயின் தனியே கரைத்துத் தெளிய வைத்து, மேலே நிற்கும் தெளிவை மட்டும் கொள்ள வேண்டும். அடியில் தங்கும் கட்டி துணியில் ஒட்டினால் அவ்விடத்தில் ஓட்டை விழும். வெளுத்தபின் அலசிய துணியில் குளோரின் நெடி நீங்காவிடில், ஒளிப்படத் தொழிலில் வழங்கும் ஹைப்போவை ஒரு தேக்கரண்டி ஒரு வாளி நீரில் கரைத்து அதில் தோய்த்தெடுக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. வெளுப்பானுடன் காடியையோ, எலுமிச்சையையோ, கழிப்பறை கழுவும் அமிலத்தையோ ஒருபோதும் சேர்க்கலாகாது. உடனே குளோரின் வாயு வெளிப்படும். அது மூச்சுக்குழாயைத் தாக்கும். அம்மோனியா சேர்ந்த பொருள்களும் அவ்வாறே நச்சு வாயுவைத் தருவன. துருவுக்கு எலுமிச்சையும் மஞ்சளுக்கு வெளுப்பானும் என்று ஒரே துணியில் ஒரே நேரத்தில் இரண்டையும் இடுவோர் இதை அறியார். சிறிய, சன்னலற்ற குளியலறைகளில் இவ்வபாயம் மிகுதி. கிராமக் கூட்டங்களில் வேறெதையும் சொல்ல நேரமில்லாவிடினும் இதனைச் சொல்ல மறக்க வேண்டாம்.

அலசுதல், நீலம், கஞ்சி

சலவையில் மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவது அலசுதலே. நீர் அரிதான ஊர்களில் அது இயல்புமாகும். போதிய அளவு அலசியாயிற்றா என்பதை அறிய, முன்னர் நறுக்கி வைத்த மஞ்சள் துணிக் கீற்றுகளுள் ஒன்றைக் கடைசி அலசல் நீரிலும் மற்றொன்றை அலசுவதற்கு எடுத்த புதுநீரிலும் தோய்க்க வேண்டும். அலசல் நீரில் தோய்த்த கீற்று சிவந்து, மற்றது மஞ்சளாகவே இருப்பின், சோப்பும் சோடாவும் இன்னும் எஞ்சியுள்ளன. இரண்டும் ஒத்திருப்பின் போதும். இச்சோதனையால் வீணாக ஒரு வாளி நீர் கூடுதலாகச் செலவிடுவதையும் தவிர்க்கலாம்.

நீலம் இடுதல் துணியைத் தூய்மையாக்குவதில்லை. மஞ்சளித்த வெண்மையின் மீது சிறிது நீலத்தைச் சேர்த்தால் கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுகிறது. சலவைத்தூளில் கலந்துள்ள ஒளியூட்டிகளும் இவ்வாறே கண்ணை மயக்குவன. கண்ணுக்குப் புலனாகாத புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி அனுப்புகின்றன. தூள் நீலத்தைத் துணியில் முடிந்து நீரில் கலக்கி, துணியை இட்டவுடன் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கலங்காமல் விட்டால் திட்டுத்திட்டாகப் படியும்.

கஞ்சி வேறு, அதற்கு உண்மையான பயன் உண்டு. நூலின் மேல் மெல்லிய படலமாக அது படிவதால், குழம்பு முதலில் கஞ்சியின் மீதே தங்குகிறது. அடுத்த சலவையில் கஞ்சியோடு கறையின் ஒரு பகுதியும் கழன்று போகிறது. அரிசிக் கஞ்சியை நன்கு காய்ச்சி வடிகட்டிக் கொள்க. மாவு அரைகுறையாக வெந்தால் இஸ்திரியில் செதிலாக உதிரும். கைத்துணிகளுக்குக் கஞ்சி தேவையில்லை. கஞ்சியிட்ட துணி ஈரத்தை நன்கு உறிஞ்சாது, உதட்டையும் உறுத்தும்.

இஸ்திரிக்கு விரிப்பு இலேசான ஈரத்துடன் இருக்க வேண்டும். சலவைக் குறிச்சீட்டில் இஸ்திரிப்பெட்டியின் படத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் 110, இரண்டு புள்ளி இருந்தால் 150, மூன்று புள்ளி இருந்தால் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடு பொருந்தும் என்று கொள்க. கறை நீங்காத துணியை ஒருபோதும் இஸ்திரி செய்யலாகாது. பூவேலையுள்ள லக்னோ விரிப்பை மறுபுறமாகத் திருப்பி, அடியில் தடித்த துணியிட்டுத் தேய்த்தால் வேலைப்பாடு அமுங்காது. சிறு கிழிசல் இருந்தால் அதைச் சலவைக்கு முன்னரே தைத்துவிட வேண்டும். நீரில் அது பெருகும்.

விடுதிகளின் விரிப்புகளுக்கு அடையாளமிடும் வழக்கம் பற்றி ஒரு சொல். வண்ணார் சேங்கொட்டைச் சாற்றால் இடும் கறுப்புக் குறி சோப்புக்கும் சோடாவுக்கும் அசையாதது. ஆனால் அச்சாறு தோலில் புண் உண்டாக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் இருந்த அயல்நாட்டுப் படைவீரர்களுக்கு, வண்ணார் குறியிட்ட உடைகளால் தோல் நோய் கண்டதை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். வாயைத் துடைக்கும் துணிக்கு அது சிறிதும் ஏற்றதன்று. ஓரத்தில் சிவப்பு நூலால் எண்ணைத் தைத்து விடலாம்.

பாதுகாத்து வைத்தல்

அடுத்த பண்டிகை வரை எடுத்து வைக்கும் விரிப்புக்குக் கஞ்சியிடலாகாது. கஞ்சி பூஞ்சைக்கும், பெட்டிகளில் வாழும் வெள்ளிப் பூச்சிக்கும் உணவு. மேலும் கஞ்சியிட்டு மடித்த துணி மடிப்பு வரையிலேயே முறிகிறது. கஞ்சியையும் நீலத்தையும் நீக்கி, முற்றும் உலர்த்தி, இஸ்திரியின் சூடு ஆறியபின் வைக்க வேண்டும். சூட்டுடன் மடித்தால் உள்ளே தங்கிய ஈரம் வெளியேறாது. நாப்தலின் உருண்டை கம்பளிப் பூச்சிக்கு உரியது. பருத்தி விரிப்புக்கு அதனால் பயனில்லை; அதன் நெடி உணவு மேசைக்கும் ஒவ்வாது.

கேரளக் கரையிலும் கொங்கணத்திலும் அஸ்ஸாமிலும் மழைக்காலத்தில் ஓர் இரவு ஈரத்துடன் குவித்து வைத்த துணியிலேயே கரும்புள்ளிகள் தோன்றத் தொடங்கலாம். பூஞ்சையின் நிறம் நூலுக்குள் இறங்கியபின் வெளுப்பானுக்கும் அது முழுமையாகக் கட்டுப்படுவதில்லை. அத்தகைய இடங்களில் விருந்து முடிந்த இரவே துவைக்க இயலாவிடில், விரிப்பை மூட்டையாகக் கட்டாமல், குழம்பை வழித்தெடுத்துக் கொடியில் பரப்பி வைத்துக் காலையில் சலவைக்கு எடுப்பதே நன்று. நீளமான தஸ்தர்கான்களை மடிப்பதைவிட, துணி சுற்றிய மூங்கிற் கழியில் உருட்டி வைத்தல் சிறந்தது. மடித்தே வைக்க வேண்டுமாயின், மாதம் ஒருமுறை வெயில் காணும் நாளில் வெளியே எடுத்துக் காற்றாட விட்டு, மடிப்பு வேறோர் இடத்தில் விழுமாறு மாற்றி மடித்து வைக்கவும்.